வரிசையில் நின்றது பற்றி

"அப்பறம் எதுக்குக் கண்ணு வரிசையில போயி நின்னே?" என்று பெரியம்மா கேட்டாள்.

கோபத்தில் கேட்கவில்லை. கிணத்துக்கடவில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பொன்மலை மேல் வேலாயுதசாமி கோயிலில் விளக்குப் போட்டாகிவிட்டது. 2022ஆம் வருஷம். அவள் மகன் போய் ஒரு வருஷம் கழிந்திருந்தது. மருந்து மூன்று நாள் முந்திக் கிடைத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை. அந்த எண்ணத்தில் நானும் ஒரு பாத்திரம். மருந்து வாங்கப் போனவன் நான். ஆகவே ஒருநாள் துணிந்து சொன்னேன்: அந்த மருந்தை எத்தனையோ தேசங்களில் பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள், அதனால் சாவு பெரிதாகக் குறையவில்லை, முந்திக் கிடைத்திருந்தாலும் அநேகமாக இதேதான் நடந்திருக்கும், நாம் தாமதம் செய்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். இதில் பெரும்பகுதி எனக்கு 2021 மே மாதத்திலேயே தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு இதைக் கேட்டாள்.

தெரிந்தே ஏன் நின்றாய் என்பது கேள்வி. எனக்கு அன்று பதில் வரவில்லை. இன்றும் முழுசாக வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என் சொந்த விஷயத்தோடு நின்றுவிடுவதல்ல என்று படுகிறது. தெரியாத ஒன்றின் முன்னால் கை என்ன செய்ய வேண்டும், மனசு எதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி அது. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சிலர் இதைத் தங்கள் கேள்வியாகவும் எடுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

*

புதிய நோய் ஒன்று வரும்போது கையில் இருப்பவை பழைய மருந்துகள்தாம். புதிதாக ஒன்றை அடியிலிருந்து செய்து முடிக்க வருஷங்கள் ஆகும். பழைய மருந்துக்கு அளவு தெரியும். எந்த அளவுக்கு மேல் விஷம் என்று தெரியும். அதைச் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. ஆகவே பழைய மருந்தைப் புதிய நோய்க்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். இதில் கேவலம் எதுவுமில்லை.

என் பெரியம்மா தின்னும் மாத்திரையே இதற்குச் சாட்சி. அவளுக்கு வெகுகாலமாக மூட்டுவாதம். எங்கள் பக்கம் சரவாங்கி என்பார்கள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. அதற்கு அவள் தின்பது ஹைட்ராக்ஸிகுளோரோகுவின். இந்த மாத்திரையின் வம்சாவளி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது என்றால் அதிகம் மிகைப்படுத்தியதாகாது. ஆண்டிஸ் மலையின் சிங்கோனா மரத்தை வெள்ளைக்காரன் 1860களில் கொண்டுவந்து நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டான். பிறகு ஆனைமலையிலும் அரசாங்கத் தோட்டம் வந்தது. கோவையிலிருந்து கிணத்துக்கடவு, பொள்ளாச்சி என்று போய் மலை ஏறி, வால்பாறையைத் தாண்டினால் சிங்கோனா என்ற பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. பட்டையின் காலம் முடிந்து இப்போது அங்கே தேயிலை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பட்டையிலிருந்து வந்தது கொய்னா. கொய்னாவுக்குப் பதிலாகச் செயற்கையான மலேரியா மருந்து ஒன்றைத் தேடியதில் 1934ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஹான்ஸ் ஆண்டர்ஸாக் என்பவர் குளோரோகுவினைச் செய்தார். அதன் நெருங்கிய சொந்தம்தான் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின். இரண்டாவது உலக யுத்தத்தில் மலேரியாவுக்காக மெப்பாக்ரின் என்ற இன்னொரு மருந்தைத் தின்ற சிப்பாய்களில் சிலருக்குத் தோல் வியாதியும் மூட்டுவலியும் குறைந்ததைக் கவனித்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பிலிருந்துதான் இந்த வகை மருந்துகள் கொசுக்கடி நோயிலிருந்து மூட்டு நோய்க்கு வந்து சேர்ந்தன. அதாவது பெரியம்மாவின் விரல்களை மடக்கிக் கொடுப்பது, வேறு ஒரு நோய்க்காகப் பிறந்த மருந்து. 2020ல் அதையே மூன்றாவது நோய் ஒன்றுக்கு அழைத்தபோது, அந்த அழைப்பைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லத் தயாரில்லை.

பிரச்னை அழைத்ததில் இல்லை. பதில் வருவதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டதுபோல் நடந்துகொண்டதில் இருக்கிறது.

*

2020 மார்ச் கடைசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பணிக்குழு, கோவிட் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவ ஊழியர்களும், நோயாளியின் வீட்டில் இருப்பவர்களும் முன்காப்பாக இந்த மாத்திரையைத் தின்னலாம் என்றது. சோதனைக் குழாயில் வைரஸைத் தடுத்தது என்பதைத் தவிர அப்போது பெரிய ஆதாரம் எதுவுமில்லை. அமெரிக்க ஜனாதிபதி அதைப் புகழ்ந்தார். மார்ச் 25ல் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்தது. மறுநாள் மருந்துச் சீட்டு இல்லாமல் கண்டிப்பாக விற்கக்கூடாத பட்டியலில் அதைச் சேர்த்தது. ஏப்ரலில் அமெரிக்கா கேட்டதும் ஏற்றுமதியை ஓரளவு திறந்துவிட்டது.

பெரியம்மாவின் மாத்திரை ஏப்ரல் நடுவில் தீர்ந்தது. ஊரடங்கு. கிணத்துக்கடவில் இல்லை, பொள்ளாச்சியில் இல்லை, கோவையில் தெரிந்தவர் மூலமாகக் கேட்டும் இல்லை. முன்பே சீட்டு இருந்தவள்தான். சீட்டு இருந்து என்ன, அட்டை இல்லை. ஐந்து வாரம் மருந்தில்லாமல் இருந்தாள். மூன்றாவது வாரத்தில் தம்ளரைப் பிடிக்க முடியாமல் மருமகள் கையால் காப்பி குடித்தாள். "ஊரு சனத்துக்கெல்லாம் ஆவுதுன்னா ஆவுட்டும் சாமி, எனக்கு வலி புதுசா?" என்றாள். அவளுடைய பெருந்தன்மை எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பெருந்தன்மையை யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை என்பதும், அது யாருக்கும் ஆகவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

2020 ஜூன் 5ல் பிரிட்டனில் ரிகவரி என்ற பெரும் பரிசோதனையிலிருந்து விடை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளில் இந்த மருந்து பெற்றவர்கள் 1,561 பேர். பெறாதவர்கள் 3,155 பேர். 28 நாளில் இறந்தவர்கள் முதல் வகையில் 27 சதவீதம், இரண்டாம் வகையில் 25 சதவீதம். பிரயோஜனமில்லை. ஆனாலும் நம்முடைய சிகிச்சை வழிகாட்டியை விட்டு அது நீங்க 2021 செப்டம்பர் ஆயிற்று.

'கொடுத்துப் பார்த்தால் என்ன நஷ்டம்?' என்ற வாதம் அந்த நாட்களில் எங்கும் கேட்டது. படித்தவர்கள் கேட்டார்கள், டாக்டர்கள் கேட்டார்கள், இலக்கிய நண்பர்களும் கேட்டார்கள். இந்த வாதத்தின் பலம், சாகப் போகிறவனை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசுவதில் இருக்கிறது. அவனுக்கு நஷ்டமில்லை என்று ஒப்புக்கொண்டாலும் (அதுவும் நிச்சயமில்லை, இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடிய மருந்து அது), நஷ்டப்படுகிறவர்கள் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறார்கள். தம்ளர் பிடிக்க முடியாத கிழவி ஒருத்தி. நாளை இதே நோயோடு வரப்போகிற இன்னொருவன்; அவனுக்கு இது உதவுமா என்று சொல்ல முடியாதபடி, எல்லோருக்கும் கொடுத்து எதையும் தெரிந்துகொள்ளாமல் விட்டிருக்கிறோம். கருணை என்று நாம் சொல்லிக்கொள்வதில், வெறுங்கையோடு நிற்கச் சகிக்காத நம் சங்கடம் எவ்வளவு என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மருந்து கொடுத்தால் கொடுத்தவனுக்குக் கொஞ்சம் சுகம் கிடைக்கிறது. அந்தச் சுகம் நோயாளிக்குக் கிடைத்ததாக எண்ணிக்கொள்வது மனித சுபாவம்.

*

கொங்கு நாட்டில் பூப்போட்டுப் பார்ப்பது என்று ஒரு வழக்கம். கல்யாணம் பேசுவதா, கிணறு வெட்டுவதா, நிலம் வாங்குவதா என்று முடிவெடுக்க முடியாதபோது கோயிலில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். விவரம் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வது உண்டு. விவரம் அறிந்தவன் கை தனக்கு வேண்டியதைத் தேடிப் போகும் என்ற பயம்தான் காரணம். காங்கயம் பக்கத்தில் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் சாமி சொன்ன பொருளை அதில் வைப்பார்கள். ஆனால் கனவு கண்டேன் என்று வந்து சொன்னால் போதாது. பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு வந்தால்தான் பெட்டிக்குள் போகும். சாமியே கனவில் சொன்னாலும் சரிபார்க்க வேண்டும் என்று எங்கள் முன்னோர்கள் நினைத்திருக்கிறார்கள். சோதனைக் குழாயில் தெரிந்ததும் ஒரு கனவுதான்.

மருத்துவப் பரிசோதனையில் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு அருவருப்பு வருகிறது. உயிரை வைத்து லாட்டரியா என்கிறோம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பூக்கட்டிப் போடுவதை நினைத்தபிறகு அதன் நேர்மை தெரிந்தது. குலுக்கல் என்பது எனக்குத் தெரியாது என்ற வாக்குமூலம். தெரியாதவன் தேர்ந்தெடுத்தால், தேறுவான் என்று தோன்றுகிறவனுக்குக் கொடுப்பான், தெரிந்தவனுக்குக் கொடுப்பான், பணம் தருகிறவனுக்குக் கொடுப்பான். பிறகு அவர்கள் பிழைத்தால் மருந்து காப்பாற்றியது என்பான். குழந்தையின் கையைக் கடன் வாங்குவது இந்தக் கையைத் தடுக்கத்தான்.

ஒப்புமையை இழுத்துக்கொண்டே போகக்கூடாது. பூவில், எடுத்த பூவே பதில். பரிசோதனையில் குலுக்கல் பதில் சொல்வதில்லை. இரண்டு பக்கமாகப் பிரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பதிலைச் சொல்கிறவர்கள் பிழைத்தவர்களும் செத்தவர்களும். சாமி இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆனால் அந்தப் பதில் நம் உள்ளுணர்வை எப்படித் தலைகீழாகப் புரட்டியது என்று பாருங்கள். அதே ரிகவரி பரிசோதனையில் 2020 ஜூன் 16ல் இன்னொரு விடை வந்தது. டெக்ஸாமெதஸோன் என்ற ஸ்டீராய்டு 1950களின் கடைசியிலிருந்து இருப்பது, எந்த ஊர் மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைப்பது. வைரஸ் நோயில் ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பின் எதிர்ப்பு குன்றிவிடும் என்று அஞ்சியவர்கள் அதிகம். விடை வேறாக இருந்தது. மூச்சுக்கருவியில் இருந்தவர்களில் சாவு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2லிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் பயன் இல்லை. மருந்து பெற்றவர்களில் 17.8, பெறாதவர்களில் 14 என்று கெடுதலின் பக்கமே சாய்ந்தது. மனசைக் கேட்டு நடந்திருந்தால் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினைக் கொடுத்து டெக்ஸாமெதஸோனை மறுத்திருப்போம். நல்லெண்ணத்தோடு, கண்ணீரோடு, இரண்டு தவறையும் செய்திருப்போம்.

அந்த மூன்றாவது எண்ணை நம் ஊர் படிக்கவில்லை. 2021ல் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே வீட்டிலிருந்தபடி ஸ்டீராய்டு தின்றவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரை ஏறியது. கறுப்புப் பூஞ்சை வந்து கண் போனவர்களைக் கோவையில் பார்த்தோம். சர்க்கரை வியாதியும் கண்மூடித்தனமான ஸ்டீராய்டும் அதற்கு வழி செய்தன என்பது மருத்துவர்கள் சொன்னது. மருந்து ஒன்றேதான், எப்போது, யாருக்கு என்பது மாறியதும் அது வேறு பொருளாகிவிட்டது.

*

இத்தனை சொன்னபிறகு மறுபக்கத்தையும் பார்க்காமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன்.

1964ல் அமெரிக்காவில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் புற்றுநோய்க்காக ஒரு மருந்து செய்தார். அது உதவவில்லை, தூக்கி வைத்துவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து எய்ட்ஸ் வந்தது. மதராஸில் முதல் தொற்றைக் கண்டுபிடித்த அதே 1986ல், அந்தப் பழைய மருந்தை (ஏ.இஸட்.டி. என்று பெயர்) அமெரிக்காவில் 282 பேரிடம் குலுக்கல் முறையில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதனையைப் பாதியில் நிறுத்தும்போது மருந்து பெற்றவர்களில் இறந்தவர் ஒருவர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் இறந்தவர்கள் 19 பேர். 1987ல் மருந்து அனுமதி பெற்றது.

அந்தப் பத்தொன்பது பேரை என்ன செய்வது? அவர்களுக்கு நாம் வெற்று மாத்திரை கொடுத்தோம். தெரியாமல் கொடுத்தோம் என்பது உண்மை. தெரிந்துகொள்வதற்காகக் கொடுத்தோம் என்பதும் உண்மை. மனிதனை வெறும் சாதனமாகப் பயன்படுத்தாதே என்று காண்ட் சொன்னதை வைத்துப் பார்த்தால் இங்கே உறுத்துகிறது. அவர்கள் சம்மதித்தார்கள் என்று பதில் சொல்லலாம். சாவின் வாசலில் நிற்பவனின் சம்மதத்துக்கு எவ்வளவு எடை என்று திருப்பிக் கேட்கலாம். காம்யுவின் பிளேக் நாவலில் டாக்டர் காஸ்டெல் செய்த புதிய ஸீரத்தை முதலில் நீதிபதியின் குழந்தைக்குத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். குழந்தை பிழைக்கவில்லை, வேதனைதான் நீண்டது. கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம் என்கிற இடம் இருக்கத்தான் செய்கிறது. அந்த இடத்தை ஒரு சூத்திரத்தால் மூடிவிட முடியாது.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். குலுக்கலில் மருந்து கிடைக்காமல் போனவனுக்கும், மருந்து கிடைத்து அதனாலேயே கெட்டவனுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத் தீர்க்க ஒரே வழி, அவர்கள் சொன்ன பதிலைக் கேட்பது. பதிலைக் கேட்காமல் பழையபடி கொடுத்துக்கொண்டே இருப்பது, அவர்களைச் சாதனமாக்கியதோடு வீணும் ஆக்குவது. இந்திய ஆராய்ச்சிக் கவுன்சிலே, குணமானவர்களின் பிளாஸ்மாவை 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம் சோதித்து, பிரயோஜனமில்லை என்ற முடிவை 2020லேயே வெளியிட்டது. நேர்மையான காரியம். ஆனால் பிளாஸ்மா வழிகாட்டியிலிருந்து நீங்கியது 2021 மே 17ல்தான். இடைப்பட்ட மாதங்களில் எத்தனை குடும்பங்கள் ரத்தவகை எழுதிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

*

இது ஆங்கில வைத்தியத்தின் வியாதி மட்டுமல்ல. நிலவேம்புக் குடிநீரை 2012ல் டெங்குவுக்கென்று தமிழ்நாடு முழுக்க ஊற்றினோம். 2020ல் பதினைந்து சரக்கு சேர்ந்த கபசுரக் குடிநீரைத் தெருமுனைகளில் ஊற்றினோம். இரண்டும் பழைய ஏட்டு மருந்துகள். இரண்டு நோயும் ஏட்டுக்குத் தெரியாத பெயர்கள். சித்த மரபு சுரத்தை அதன் குணத்தால் வகுப்பது, கிருமியால் அல்ல. ஆகவே அதற்குப் புதிய நோய் என்று ஒன்று இருக்க முடியாது என்று சொல்கிறவர்களை அறிவேன். அது ஒரு தரிசனமாக இருக்கலாம். ஆனால் தரிசனம் இருப்பதால் கேள்வி இல்லாமல் போவதில்லை. குடித்தவன், குடிக்காதவன் இருவரில் யார் தேறினான் என்ற கேள்வியை மேற்கத்திய ஆணவம் என்று தள்ளுகிறவர்கள் சிவன்மலைக்கு ஒருமுறை போய் வரலாம்.

தெய்வங்களையும் நாம் இப்படித்தான் கையாண்டிருக்கிறோம். அம்மைக்குரிய மாரியம்மன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் தாக்கியபோது பிளேக் மாரியம்மன் ஆனாள். அந்தக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. 2021 மே மாதத்தில் இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். பத்திரிகைகள் சிரித்தன. நான் சிரிக்கவில்லை. தெய்வத்தை வேறு வேலைக்கு அழைப்பதால் இன்னொருத்தியின் தம்ளர் கைநழுவுவதில்லை. பயத்துக்கு ஒரு முகம் கொடுத்துக் கும்பிடுவது, அதை மருந்து என்று சீட்டெழுதாதவரை, யாரையும் ஏமாற்றுவதாகாது.

எழுதுகிறவர்களாகிய நாமும் வேறென்ன செய்கிறோம்? பழைய சொல்லை எடுத்துப் புதிய அனுபவத்துக்குப் போட்டுப் பார்க்கிறோம். ஒத்துவந்தால் கவிதை என்கிறோம். ஒத்துவராவிட்டால் காகிதம்தான் நஷ்டம். இந்தச் சௌகரியத்தில் வளர்ந்த மனசு, தனக்கு உண்மை என்று பட்டதே உண்மை என்று நம்பப் பழகிவிடுகிறது. நம் வட்டத்தில் அந்த வருஷங்களில் மருத்துவத்தைப் பற்றி இவ்வளவு தீர்மானமாகப் பேசியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

*

வரிசைக்கு வருகிறேன்.

ரெம்டெசிவிர், தானும் ஒரு பழைய மருந்து. ஹெபடைடிஸ் ஸி கிருமியையும் மூச்சுக்குழாய்க் கிருமி ஒன்றையும் நினைத்துத் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்து, எபோலாவுக்குக் காங்கோவில் சோதிக்கப்பட்டு, 2019ல் வேறு மருந்துகளிடம் தோற்றது. கோவிட் வந்ததும் மீண்டும் அழைத்தார்கள். 2020 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி பரிசோதனை முடிவு வந்தது. இந்தியாவும் சேர்ந்த பரிசோதனை. 30 தேசங்களில் 405 ஆஸ்பத்திரிகளில் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ரெம்டெசிவிர் சாவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பது முடிவு. நவம்பரில் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு இதைத் தரவேண்டாம் என்று அந்த நிறுவனம் பரிந்துரைத்தது. இதையெல்லாம் நான் அப்போதே படித்திருந்தேன். நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லியும் இருந்தேன்.

2021 மே. அந்த மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டியது. பெரியம்மா மகனைக் கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தேங்காய் வியாபாரம் செய்தவன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். டெக்ஸாமெதஸோன் முதல் நாளிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு வரிசை இல்லை, விலை இல்லை. நிரூபணமான மருந்து அவன் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்க, நிரூபணமாகாத மருந்துக்காக நாங்கள் தவித்தோம். அரசாங்கம் சென்னையில் விற்றுக்கொண்டிருந்த ரெம்டெசிவிரைக் கோவையிலும் விற்கத் தொடங்கியிருந்தது. சீட்டு, ஆதார் நகல், பரிசோதனை முடிவு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும் முன்பே போய் நின்றேன்.

காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவனுக்கு இரவு மூச்சுக்கருவி வைத்துவிட்டார்களாம்.

மூச்சுக்கருவி வைத்தபிறகு இந்த மருந்தை எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் முப்பது வயதுக்குள் ஒரு பெண் நின்றாள். புருஷனுக்கு நேற்றுத்தான் ஆக்சிஜன் வைத்தார்கள் என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வரிசையை விட்டு விலகவில்லை. என் முறை வந்தது. ஆறு குப்பி வாங்கினேன். அவளுக்கு முன்னால் அன்றைய மருந்து தீர்ந்துவிட்டது.

அவன் ஐந்தாம் நாள் போய்விட்டான்.

2022 மே மாதத்தில் சாலிடாரிட்டியின் முழு முடிவு வந்தது. மூச்சுக்கருவியில் இருந்தவர்களுக்குப் பயன் இல்லை. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில், மருந்து இல்லாமல் இறந்தவர்கள் 16.3 சதவீதம், மருந்தோடு இறந்தவர்கள் 14.6. வித்தியாசம் உண்டு, சிறியது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ அறுபது பேரில் ஒருவர். பெரியம்மாவிடம் 'அநேகமாக' என்று நான் சொன்ன வார்த்தைக்குள் இந்த அறுபதில் ஒருவர் ஒளிந்திருக்கிறார். மூன்று நாள் முந்திக் கிடைத்திருந்தால் அந்த ஒருவன் அவனாக இருந்திருக்க மாட்டான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பின்னால் நின்ற அந்தப் பெண்ணின் புருஷன் அந்த ஒருவனல்ல என்றும் சொல்ல முடியாது.

ஏன் நின்றேன்? விலகியிருந்தால், அவன் போய்விடுவான் என்று அந்த இடத்தில், அந்த எட்டரை மணிக்கு, நான் தீர்ப்பு எழுதியதாகியிருக்கும். மருந்துக்காக நின்றேன் என்பதைவிட அந்தத் தீர்ப்பை எழுதாமல் இருப்பதற்காக நின்றேன் என்பது உண்மைக்குக் கிட்டத்தில் வருகிறது. இதை நான் நியாயமாகச் சொல்லவில்லை. ஒரு அண்ணன் செய்யக்கூடியது என்று சொல்கிறேன். ஆனால் ஒரு டாக்டர் இதைச் செய்யக்கூடாது. ஒரு அரசாங்கம் கண்டிப்பாகச் செய்யக்கூடாது. அவர்களுக்கு வரிசையில் பின்னால் நிற்பவளும் முன்னால் நிற்பவனும் ஒன்று. 2020லும் 2021லும் நடந்த தவறு, ஒவ்வொருவரும் எல்லோருக்கும் அண்ணனாக இருக்கப் பார்த்ததுதான். குழந்தையின் கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் கை இருந்தது. வரிசை என்பதும் ஒரு குலுக்கல்தான் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. இல்லை. விடியும் முன்பே வந்து நிற்க வண்டி வைத்திருக்கிறவனுக்கு அது முதலில் திறக்கும். குலுக்கலில் எனக்குத் தெரியாது என்று சொல்கிறோம். வரிசையில் எனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம்.

பெரியம்மாவின் கேள்விக்கு இதில் பாதியைப் பிறகொரு நாள் சொன்னேன். "எம்பையனுக்காவத்தான நின்னே, உடு" என்றாள். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று தெரியும். அந்தப் புருஷன் பிழைத்தானா என்பாள். தெரியாது என்பதுதான் என் பதில்.

மாதாமாதம் அவளுக்கு மாத்திரை வாங்கித் தருவது இன்னும் நான்தான். இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், தட்டுப்பாடு வந்தால் கஷ்டம் என்று கடைக்காரர் சொல்கிறார். எனக்கும் அந்த ஏப்ரல் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.